ஒரே மண்ணுக்கு இரு விலை: ஊர் மனையும் சேரி மனையும்

தமிழ்நாட்டுச் சிற்றூர் எதனை எடுத்துக்கொண்டாலும் அது ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிரிந்து கிடப்பதை நாம் அறிவோம். இரண்டுக்கும் இடையில் இருப்பது சில இடங்களில் ஒரு வாய்க்கால். சில இடங்களில் ஒரு வயல். சில இடங்களில் ஒரு தார்ச்சாலை மட்டுமே. இருபுறமும் பெய்வது ஒரே மழை. இருபுறத்தாருக்கும் பேருந்து நிறுத்தம் ஒன்று, பள்ளிக்கூடமும் ஒன்று. ஆயினும், சாலையின் இப்புறத்தில் மூன்று சென்ட் மனையொன்றையும் அப்புறத்தில் அதே அளவுள்ள மனையொன்றையும் விலை பேசிப் பார்த்தால், இரண்டும் ஒன்றாக இருப்பது மிக அரிது. ஊர் மனைக்கு ஒரு விலை. சேரி மனைக்கு வேறொரு விலை. அவற்றுள் எது குறைந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

இதற்குக் காரணம் கேட்டால், "அது அப்படித்தான், காலனியில் யார் வந்து மனை வாங்குவார்கள்?" என்று விடை கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வானத்திலிருந்து மழை விழுவதைப் போல இவ்வேற்றுமையும் இயற்கையாக வந்தது என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. வரலாற்றை ஆய்ந்து நோக்கின், இது மனிதர் செய்த வேலை என்பதும், எந்தெந்தக் காலத்தில் எவ்வெவ்வாறு செய்யப்பட்டது என்பதும் தெளிவாகும். மனையின் விலை என்று நாம் சொல்வது, அம்மண்ணின்மேல் அங்கு வாழ்பவனுக்கு உள்ள உரிமையின் விலையே ஆகும். உரிமை இல்லாத இடத்தில் விலையும் இல்லை. உரிமை பாதி கிடைத்த இடத்தில் விலையும் பாதியே. இக்கட்டுரை சொல்ல வருவது இஃதொன்றே.

விலையே இல்லாத வீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டு, தஞ்சை முதலிய மாவட்டங்களில் நிலம் முழுவதும் மிராசுதாரர் கையில் இருந்தது. அந்நிலத்தில் உழுது, நட்டு, அறுத்த நம் முன்னோர் பண்ணையாள் என்றும் படியாள் என்றும் அழைக்கப்பட்டனர். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமை முறையை ஏட்டில் ஒழித்தது. ஆனால் அடிமை விடுதலை பெற்றுப் போய் நிற்பதற்கு ஓர் அடி மண் வேண்டுமே! அந்த மண் அவனுக்கு இல்லை. அவன் குடிசை நின்ற இடமும் மிராசுதாரர் தமக்குரியதென்று உரிமை கொண்டாடிய இடமாகவே இருந்தது. கூலி போதாதென்று வாய் திறந்தாலும், வேறொருவர் வயலுக்கு வேலைக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் ஊரார் வீட்டை விற்றனர், வாங்கினர், அடகு வைத்தனர், மக்களுக்குப் பாகம் பிரித்தனர். அவர்களுடைய வீட்டுக்கு விலை இருந்தது. சேரியார் தம் குடிசையை விற்க இயலாது. அடகு வைக்க இயலாது. மகனுக்கு எழுதிவைக்கவும் இயலாது. ஆகவே அதற்கு விலை குறைவு என்பதுகூடச் சரியன்று. விலை என்பதே அதற்கு இல்லை. இன்றைய விலை வேற்றுமையின் முதற்புள்ளி இங்கேதான் இருக்கிறது. ஊர் மனைகள் தலைமுறை தலைமுறையாகப் பத்திரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தபோது, சேரி மனைகள் வெறுங்கையோடு புறப்பட்டன.

செங்கற்பட்டு அறிக்கையும் 1892ஆம் ஆண்டு ஆணையும்

இந்நிலையை அரசின் பார்வைக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் ஆவார். 1891ஆம் ஆண்டில் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையும், குடியிருக்கும் மனையிலும் உரிமையின்மையுமே இம்மக்களின் தாழ்நிலைக்கு அடிப்படை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் போன்ற நம் தலைவர்களும் சபைகள் வழியாகவும் இதழ்கள் வழியாகவும் குரல் எழுப்பி வந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. ஆட்சியர் ஒருவரின் இரக்கத்தால் மட்டுமே எல்லாம் நடந்தது என்று எண்ணுவது நம் முன்னோருக்குச் செய்யும் அநீதியாகும்.

1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வருவாய்த் துறை ஆணை எண் 1010 பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசுத் தரிசு நிலங்களை ஒதுக்க அவ்வாணை வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதனையே. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அந்நிலத்தை எவருக்கும் விற்கக்கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அன்றிப் பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அந்நிபந்தனை இருந்தும் அந்நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின. கடனுக்கு ஈடாகவும், மிரட்டலுக்கு அஞ்சியும், எழுத்தறியாமையால் கைநாட்டு வைத்தும் நம்மவர் அவற்றை இழந்தனர். 1994ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் செங்கற்பட்டை அடுத்த காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுக்கு முன் ஏட்டில் எழுதப்பட்ட உரிமையைக் கேட்டதற்கு நாம் கொடுத்த விலை அது.

மனை வாங்கித் தந்த துறை

1892ஆம் ஆண்டு ஆணை தரிசு நிலத்தைப் பற்றியது. குடிசை நின்ற மனையின் சிக்கல் அதனால் தீரவில்லை. 1920ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்னும் பதவியை ஏற்படுத்தி, ஒடுக்கப்பட்ட மக்களின் நலனை அவர் பொறுப்பில் விட்டது. அத்துறை செய்த பணிகளுள் தலையாயது வீட்டுமனை வாங்கித் தருவதாகும். 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி நிலம் எடுக்கப்பட்டது. அதற்குரிய பணத்தை மனை பெற்ற குடும்பங்கள் தவணை தவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். இதற்கெனக் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. நம் பாட்டன்மார் இலவசமாக மனை பெற்றார்கள் என்று ஏளனம் செய்வோர் இச்செய்தியை அறிதல் நன்று. அரைவயிற்றுக் கூலியிலிருந்து அவர்கள் தவணை கட்டினார்கள்.

ஆயினும் இங்கும் ஒரு குறை நேர்ந்தது. புதிய மனைகளும் பெரும்பாலும் ஊரைவிட்டு ஒதுங்கிய இடத்திலேயே அமைந்தன. ஊர்த் தெருவை ஒட்டி நிலம் எடுக்க முயன்றால் எதிர்ப்பு எழும். எதிர்ப்பில்லாத இடம் மழைநீர் தேங்கும் பள்ளமாக இருக்கும். இவ்வாறு மனை கிடைத்தது. ஆனால் பிரிவினையும் மனையோடு சேர்ந்து அளந்து கல் நடப்பட்டது.

சாலைகளும் அவ்வாறே. ஊர்த் தெருவில் நடக்கவும் உரிமையில்லாத காலம் அது. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகவே பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்பது அரசின் ஆணையாயிற்று. 1938ஆம் ஆண்டில் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. நடக்கச் சாலையும் குடிக்க நீரும் இல்லாத இடத்து மனைக்கு யார் விலை கொடுப்பார்? எனவே இவை வீட்டு விலையின் வரலாற்றோடும் தொடர்புடையவை என்பது வெள்ளிடை மலை.

பணம் இருந்தும் கிடைக்காத வீடு

"வறுமைதான் காரணம்; பணம் வந்தால் எல்லாம் சரியாகும்" என்று கூறுவோர் உளர். அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே விடை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அவர், 1917ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் உயர் பதவி ஏற்கச் சென்றார். கையில் பட்டமும் சம்பளமும் இருந்தன. தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருந்த அவரைப் பதினொன்றாம் நாள் தடியோடு வந்தோர் வெளியேற்றினர். நண்பர்களும் வீடு தரத் தயங்கினர். நகரத்தை விட்டே அவர் திரும்ப நேர்ந்தது. விலை கொடுக்க வல்லவனாயினும் அவனுக்கு விற்க மாட்டோம் என்பது எத்தகைய சந்தை?

இச்செய்தி விலை உருவாகும் முறையை விளக்க உதவும். வாங்குவோர் பலர் போட்டியிட்டால் விலை ஏறும். சிலரே இருந்தால் விலை இறங்கும். சேரி மனையை ஊரார் வாங்குவதில்லை. ஆகவே அங்கு வாங்குவோர் தொகை தொடக்கத்திலேயே சுருங்கிவிடுகிறது. எஞ்சியிருக்கும் நம்மவரிலும் அரசுப் பணி பெற்றவரும் வியாபாரத்தில் முன்னேறியவரும் பிள்ளைகளின் படிப்பை எண்ணி நகரத்துக்குச் சென்று மனை வாங்குகின்றனர். அவர்களைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. ஆனால் நல்ல விலை கொடுக்க வல்லவர் வெளியே சென்றபின், ஏழையே ஏழைக்கு விற்கும் இடமாகச் சேரி எஞ்சுகிறது. இதுவே "காலனியில் யார் வாங்குவார்கள்?" என்னும் கேள்விக்குரிய உண்மையான விடை.

தாழ்ந்த விலை தாழ்ந்த விலையையே பெறும்

ஒருமுறை தாழ்ந்த விலை பின்னும் தாழ்ந்தே நிற்பதற்கு அரசின் ஏடுகளும் காரணமாகின்றன. 1967ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் முத்திரைச் சட்டத்தில் 47-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதையொட்டித் தெரு வாரியாகவும் புல எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பு குறிக்கப்படலாயிற்று. அம்மதிப்பைக் குறிக்கும்போது முன்பு பதிவான கிரயப் பத்திரங்களும் பார்க்கப்படுகின்றன. சேரியில் பத்திரங்கள் குறைவு. உள்ளவற்றிலும் விலை குறைவு. ஆகவே வழிகாட்டி மதிப்பும் குறைவாகிறது. அதைக் கண்டு வங்கி குறைந்த கடன் தருகிறது. குறைந்த கடனில் சிறிய வீடே எழும்புகிறது. சிறிய வீடு குறைந்த விலைக்கே போகிறது. செக்குமாடு போல விலை அதே வட்டத்தைச் சுற்றி வருகிறது.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இழப்பீட்டைக் கணக்கிட, முத்திரைச் சட்டத்தின்படியான மதிப்பையும், அருகிலுள்ள அதே வகை நிலங்களின் அண்மைக் காலக் கிரய விலைகளையும் அது பார்க்கச் சொல்கிறது. முத்திரைத் தீர்வையைச் சிறிது மிச்சப்படுத்த எண்ணிப் பத்திரத்தில் உண்மை விலையை மறைப்போர், நாளை நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப்படும்போது தமக்கும் அண்டை வீட்டாருக்கும் வர வேண்டிய இழப்பீட்டையும் சேர்த்தே குறைக்கின்றனர்.

இதனால் கல்விக்கு என்ன இழப்பு என்று இளைஞர்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று சென்ட் என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி. ஊரில் சதுர அடி 600 ரூபாய் என்றும், சேரியில் 300 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஊர் மனை 7,84,200 ரூபாய். சேரி மனை 3,92,100 ரூபாய். வேற்றுமையும் அதே 3,92,100 ரூபாய். பொதுவாக 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கின்றன. ஊர்ப் பிள்ளையின் தந்தை மனைப் பத்திரத்தோடு வங்கிக்குள் நுழைகிறார். அதே வகுப்பில் அதே மதிப்பெண் வாங்கிய நம் பிள்ளையின் தந்தை பாதி மதிப்புள்ள பத்திரத்தோடு, பல வேளைகளில் பத்திரமே இன்றி, வாயிலில் நிற்கிறார். தேர்வில் இருவரும் சமம், மனையில் சமமில்லை.

சட்டங்கள் தந்ததும் தராததும்

விடுதலைக்குப் பின் பல சட்டங்கள் வந்தன. 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உடைமையாக்கும் சட்டம், பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளியை அம்மனைக்கே உரியவனாக்கியது. "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்ற அச்சொல்லின் பல்லைப் பிடுங்கிய சட்டம் அது. 1974ஆம் ஆண்டில் தாட்கோ நிறுவனம் தோன்றி, தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. 1978ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதை எளிதாக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் உச்சநீதிமன்றம் தவணையில் இழப்பீடு கொடுக்கும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

இவை நம்மைக் குடிசையிலிருந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் ஒப்படையாகக் கிடைத்த மனைக்கும் கிரயமாக வாங்கிய மனைக்கும் வேற்றுமை உண்டு. ஒப்படைப் பட்டாவில் நிபந்தனைகள் உண்டு. பல குடும்பங்களில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. நான்கு பிள்ளைகள் நான்கு சுவர் எழுப்பிக் குடியிருப்பர்; ஒருவர் பெயரிலும் பட்டா இராது. அத்தகைய வீட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

நகரத்திலும் இதுவே

கிராமத்தில் மட்டுமே இந்நிலை என்று எண்ண வேண்டா. சென்னை நகரின் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த மக்களை 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்திலுள்ள கண்ணகி நகரில் குடியேற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் நம் மக்கள். பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு வீடுகள் அங்குள்ளன. சற்றுத் தொலைவிலேயே பழைய மாமல்லபுரச் சாலையின் கணிப்பொறி நிறுவனங்களும் அடுக்குமாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. அவ்வடுக்குமாடி வீடுகளின் விலை நாளும் ஏறியது. கண்ணகி நகர் வீட்டுக்கு அவ்வேற்றம் கிடைக்கவில்லை. தவணை முழுவதும் கட்டி, வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் பெற்றால்தான் வீடு சட்டப்படி தமதாகும். அதுவரை கைமாறும் வீடு ஏட்டில் இல்லாத விலைக்கே கைமாறும். இன்னும் கொடியது, முகவரியைக் கண்ட அளவிலேயே வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர் பலமுறை முறையிட்டுள்ளனர். மனையைப் பிடித்த பெயர் மனிதனையும் பிடிக்கிறது.

பெயரின் இவ்வலிமையை அரசும் இப்போது உணர்ந்துள்ளது. "காலனி" என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. பெயரோடு சாலையும், கழிவுநீர்க் கால்வாயும், பட்டாவும் சேர்ந்து மாறினாலன்றிப் பயன் முழுமையாகாது.

சேர்ந்து வாழ்ந்தால் விலை சேருமா?

பிரிவினையே விலை வேற்றுமைக்கு வேர் என்றால், சேர்ந்து வாழும் இடத்தில் அது மறைய வேண்டும் அன்றோ? 1998ஆம் ஆண்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 பிற வகுப்பினருக்கு என்பது அதன் கணக்கு. ஒரே அளவு வீடு, ஒரே தெரு, ஒரே குழாய், ஒரே மயானம். அத்தகைய தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு விலையும் அடுத்த வீட்டுக்கு வேறு விலையும் கூறுதல் எளிதன்று. ஏனெனில் சாதிக்கென்று ஒரு பக்கம் அங்கு அளந்து விடப்படவில்லை. சமத்துவபுரங்களின் எண்ணிக்கை நம் சிற்றூர்களின் எண்ணிக்கைக்கு முன் மிகச் சிறிது என்பது உண்மையே. எனினும் வழி எது என்பதை அவை காட்டுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

அன்பார்ந்த இளைஞர்களே! வரலாற்றைப் படிப்பது பெருமூச்சு விடுவதற்காக அன்று. உங்களால் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, உங்கள் வீட்டு மனையின் ஆவணம் யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். பாட்டனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று பெற்று, உரிய பாகப்பிரிவினை செய்து, பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்யுங்கள். உடன்பிறந்த பெண்களின் பங்கை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, மனை வாங்கினாலும் விற்றாலும் உண்மை விலையைப் பதிவு செய்யுங்கள். வெற்றுத்தாளிலும் முத்திரைத்தாளிலும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை உங்களைக் காவாது. பஞ்சமி நிலமோ நிபந்தனைப் பட்டாவோ எனில், பிறருக்கு எழுதிக் கொடுக்குமுன் சட்டம் அறிந்தவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, தெருவுக்குச் சாலை, விளக்கு, குடிநீர், வடிகால் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அந்நிதி வேறு வழியில் போகாமல் காப்பது கேட்பவர் கையில் உள்ளது.

நான்காவது, எந்தத் தெருவிலும் வீடு வாங்கவும், கட்டவும், குடியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. தீண்டாமையைக் காரணம் காட்டி எந்த இடத்திலும் குடியிருப்பைப் பெறுவதையோ கட்டுவதையோ தடுத்தல் அதன் நான்காம் பிரிவின்படி குற்றம். "உங்களுக்கு விற்பதில்லை" என்று சொல்பவர் அறியாவிட்டாலும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்துள்ளது. கைநாட்டு வைத்து நிலம் இழந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று பத்திரத்தைப் படித்துப் பொருள் கூறுகின்றனர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், படித்த ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள பத்துக் குடும்பங்களின் மனை ஆவணங்களையாவது சரிசெய்து தர உறுதி ஏற்க வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையேயுள்ள வாய்க்காலை மழை வெட்டவில்லை, மனிதர் வெட்டினர். மனிதர் வெட்டியதை மனிதரே தூர்க்க இயலும். அப்பணிக்கு வேண்டிய முதல் கருவி கல்வி. இரண்டாவது கருவி ஒற்றுமை. இரண்டும் நம்மிடம் உண்டு. உழைப்போம், உரிமை பெறுவோம்!